மலை ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும், எதுவரை ஏறும்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொங்குப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓடையைப் ‘பள்ளம்’ என்பார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் செருப்பு நனையாமல் அக்கரைக்குப் போய்விடலாம். மிச்ச நாளில் ஏதோ ஒரு ராத்திரி, ஒரு மணி நேரத்துக்கு மட்டும், அது ஆறாகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும், எந்தக் கொல்லை வரை ஏறும் என்று கண்டுபிடிக்கும் வேலையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். சிவில் படித்துவிட்டு முதல் முறை மலையேறுகிறவர், ஊராட்சிக்கு வரைபடம் போட்டுத்தர நினைக்கும் தன்னார்வலர், ஓடையோரம் நிலம் வாங்கப்போகிறவர் எல்லோருக்கும் பயன்படும். அடுக்கும் வர்க்கமூலமும் உள்ள கால்குலேட்டர் ஒன்று இருந்தால் போதும்.

பெரிய ஆறுகளில் வருஷக்கணக்காக நீர்மட்டம் அளந்து வைத்திருப்பார்கள். உங்கள் பள்ளத்தில் ஒரு அளவுகோல்கூட நட்டிருக்காது. அதனால் ஒரே சூத்திரத்தைப் போட்டு ஒரே எண்ணை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். வெவ்வேறு வழியில் மூன்று எண் எடுத்து, மூன்றையும் மோதவிடுங்கள். எது பொய் சொல்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

வருவது தண்ணீர்தானா?

கணக்குக்கு உட்காரும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையில் வந்தது வெறும் வெள்ளம் இல்லை. மேலே சரிந்த மலை, பாறையும் மரமும் சேறுமாக ஓடைவழியே சுமார் 8 கி.மீ. ஓடி வந்தது. அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அந்தப் பகுதியில் 572 மி.மீ. மழை. அப்படிப்பட்ட ஓட்டத்துக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எந்தச் சூத்திரமும் பொருந்தாது.

உங்கள் ஓடையில் அதற்கான அடையாளம் உண்டா என்று பாருங்கள். மேலே பழைய சரிவின் தழும்பு இருக்கும். கரையை வெட்டிய இடத்தில் பெரிய பாறையும் பொடி மண்ணும் தரம் பிரியாமல், கலந்து கொட்டின மாதிரி கிடக்கும். மலை முடிந்து ஓடை வெளியே வரும் இடத்தில் விசிறி விரித்தது போல ஒரு மேடு பரந்திருக்கும். தண்ணீர் கொண்டுவந்த மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காகத் தெரியும். சேற்றோட்டம் போட்டது அப்படி இருக்காது. கலந்து கொட்டின மாதிரி இருந்தால் புவியியலாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. தண்ணீர்தான், ஆனால் மண் அதிகம். கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு மண் என்றால், தண்ணீருக்குப் போட்ட கணக்கை 1.25-ஆல் பெருக்க வேண்டும். ஐந்தில் இரண்டு பங்கு என்றால் ஏறக்குறைய 1.67. அதற்கு மேலே போனால் அது வெள்ளக் கணக்கே இல்லை.

எல்லை பிடிப்பது

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போஷீட்டை, அதாவது மேடுபள்ளம் காட்டும் வரைபடத் தாளை, எடுங்கள். மலைப்பகுதித் தாள்களில் பொதுவாக 20 மீட்டருக்கு ஒரு சம உயரக்கோடு இருக்கும். பாலமோ வீடோ, உங்களுக்கு விடை வேண்டிய இடத்தில் புள்ளி வைத்து, அங்கிருந்து முகடு முகடாகப் பென்சிலை ஏற்றி மறுபக்கம் இறக்கினால் நீர்ப்பிடிப்பின் எல்லை கிடைத்துவிடும். கியூஜிஐஎஸ் மென்பொருளில் இதையே ஐந்து நிமிடத்தில் செய்யலாம். ஆனால் முதல் ஓடைக்குக் கையால் போடுங்கள். எஸ்டேட் ரோட்டோரக் கால்வாய் பக்கத்துப் பள்ளத்துத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நடந்து பார்த்தால் தெரியும்.

கையோடு மூன்று அளவு குறித்துக்கொள்ளுங்கள்: பரப்பு, மிக நீளமான ஓடையின் நீளம், தலைக்கும் வாய்க்கும் உள்ள உயர வித்தியாசம். கணக்குக்கு ஒரு கற்பனைப் பள்ளம் வைத்துக்கொள்வோம். நீலகிரியின் கிழக்குச் சரிவு, பரப்பு 12 ச.கி.மீ., நீளம் 6 கி.மீ., இறக்கம் 900 மீட்டர்.

மழை எங்கே கிடைக்கும்?

வானிலைத் துறையின் தினசரி மழைப் பதிவு உண்டு. மலையில் அதைவிட அருமையான பொக்கிஷம் தேயிலைத் தோட்டத்து மழைப் புத்தகம். பல எஸ்டேட்டுகளில் தாத்தா காலத்திலிருந்து தினமும் எழுதி வருகிறார்கள். டீத்தூள் வாசத்தோடு, கரையான் அரித்த ஓரத்தோடு, யாரோ ஒரு ரைட்டரின் சாய்ந்த கையெழுத்தில் இருக்கும். ஒரு கண்ணி மட்டும் கவனம்: பழைய பக்கங்கள் இஞ்ச், சென்ட் கணக்கு. 100 சென்ட் 1 இஞ்ச். ‘1–20’ என்றிருந்தால் 1.20 இஞ்ச், அதாவது 30.5 மி.மீ. இதை மி.மீ. என்று எண்ணி ஏற்றிவிட்டு ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான்.

இன்னொன்று, முகட்டைத் தாண்டிய மழைமானியை எடுக்காதீர்கள். நீலகிரியின் மேற்குக்குத் தென்மேற்குப் பருவம், கிழக்குக்கு வடகிழக்குப் பருவம். 2019 ஆகஸ்டில் மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த எண்ணைத் தூக்கி வந்து கிழக்குச் சரிவுப் பள்ளத்துக்குப் போட்டால் கணக்கு கணக்காக இருக்காது.

ஒவ்வொரு வருஷத்திலும் ஒரு நாளில் பெய்த உச்ச மழையை மட்டும் எடுத்து வரிசைப்படுத்துங்கள். 30 வருஷமாவது வேண்டும். சராசரியும் திட்ட விலக்கமும் கண்டுபிடியுங்கள். அபூர்வமான உச்ச மழையைக் கணிக்கும் கம்பெல் என்ற புள்ளியியல் முறைப்படி, 30 வருஷப் பதிவுக்கு நூறாண்டு மழை = சராசரி + 3.65 × திட்ட விலக்கம். நம் பள்ளத்தில் சராசரி 120, விலக்கம் 38 என்றால் 259 மி.மீ. மழைமானியைக் காலை எட்டரைக்குப் பார்ப்பார்கள். மழை அந்த மணியைப் பார்த்துப் பெய்யாது, இரண்டு நாள் கணக்கில் பிரிந்துவிடும். அதற்கு ஈடாக 1.15-ஆல் பெருக்குவது இந்திய வழக்கம். 298 வரும், 300 என்று வைத்துக்கொள்ளலாம்.

நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருஷத்துக்கு ஒரு முறை வருவது என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள். ‘போன வருஷம்தானே வந்தது, இனி நம்ம பேரன் காலத்துலதான்’ என்று வீடு கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அது வர 1 சதவீத வாய்ப்பு. 30 வருஷம் அந்த வீட்டில் குடியிருந்தால் ஒரு முறையாவது பார்க்கும் வாய்ப்பு 26 சதவீதம், நான்கில் ஒன்றுக்கும் மேல்.

முதல் எண்: ரைவ்ஸ்

1884-இல் சென்னை மாகாணத்துக்காக ரைவ்ஸ் தந்த சூத்திரம் இன்னும் நம் பொறியாளர்கள் கைப்பழக்கத்தில் இருக்கிறது. உச்ச வெள்ளம் = கெழு × பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கு. கெழு என்பது இடத்துக்கு இடம் மாறும் ஒரு எண். மலையடிவாரப் பகுதிக்குக் கெழு 10.2. நம் பள்ளத்துக்கு 12-இன் 2/3 அடுக்கு 5.24, எனவே விநாடிக்குச் சுமார் 53 கன மீட்டர். பத்திரிகைக் கணக்கில் ஏறக்குறைய 1,900 கன அடி.

அரை நிமிட வேலை. மழை எவ்வளவு, சரிவு எவ்வளவு என்று இந்தச் சூத்திரம் கேட்கவே இல்லை என்பதைக் குறித்துக்கொண்டு மேலே போவோம்.

இரண்டாவது எண்: மழையிலிருந்து

மேல் முனையில் விழுந்த துளி கீழே வந்து சேர எவ்வளவு நேரம்? கிர்பிச் சூத்திரப்படி நிமிடங்கள் = 0.01947 × (நீளம் மீட்டரில்)-இன் 0.77 அடுக்கு ÷ சரிவின் 0.385 அடுக்கு. சரிவு 900/6000 = 0.15. விடை 33 நிமிடம். இது விவசாய நிலச் சிற்றோடைகளை வைத்துப் பிறந்த சூத்திரம். சோலைக்காட்டில் சருகு மெத்தை தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். அதனால் 33 நிமிடத்துக்கு ஒன்று, 1 மணி நேரத்துக்கு ஒன்று என்று இரண்டு கணக்கும் போடுவது என் வழக்கம்.

24 மணி நேர மழையைக் குறுகிய நேரத்துக்கு மாற்ற வானிலைத் துறையின் மூன்றில் ஒரு அடுக்கு விதி உதவும்: குறுநேர மழை = 24 மணி மழை × (நேரம் ÷ 24)-இன் 1/3 அடுக்கு. 1 மணி நேரத்துக்கு 104 மி.மீ. 33 நிமிடத்துக்கு 85 மி.மீ., அதை மணிக்கணக்கில் சொன்னால் 155 மி.மீ. செறிவு.

இனி எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: பாய்வு = ஓடுநீர்க் கெழு × செறிவு × பரப்பு ÷ 3.6. பாய்வு என்பது விநாடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகிறது என்பது. இங்கே கெழு என்பது பெய்ததில் எத்தனை பங்கு ஓடி வரும் என்பது. செங்குத்தான மலை, பாதி காடு பாதி தேயிலை, மண் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கிறது என்றால் 0.5 எடுக்கலாம். ஒரு மணி நேரக் கணக்கில் 173, 33 நிமிடக் கணக்கில் 258 கன மீட்டர்.

ரைவ்ஸ் சொன்னது 53. மூன்றிலிருந்து ஐந்து மடங்கு வித்தியாசம். புதியவர்கள் இந்த இடத்தில்தான் தங்களுக்குக் கணக்கு வரவில்லை என்று நினைப்பார்கள். கணக்கு சரிதான். மலை அப்படி.

பரப்பு 25 ச.கி.மீ.க்கு மேல் போனால் மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகளை எடுங்கள். நாட்டை 26 உப மண்டலங்களாகப் பிரித்து எழுதியவை. பவானிப் பக்கம் இறங்கும் ஓடைகள் காவிரி உப மண்டலம் 3(ஐ), கூடலூரிலிருந்து மேற்கே கேரளத்துக்குள் இறங்குபவை மேற்குக் கரை மண்டலம். நம் 12 ச.கி.மீ. பள்ளத்துக்கு அவை உதவாது.

மூன்றாவது எண்: பள்ளமே சொல்வது

இதற்குக் களத்துக்குப் போக வேண்டும். மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி, அதற்கான அளவு குறித்த கோல் (ஸ்டாஃப்), 30 மீட்டர் டேப், சிவப்பு பெயின்ட், ஊராரிடம் பேச்சுக் கொடுக்க ஒரு உள்ளூர்க்காரர். மழைக்காலத்தில் போனால் ஒருவர் கரையில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருக்கட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரையேறுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டுபோனது.

தேட வேண்டியது வெள்ளச் சுவடு. முள்வேலியில் சிக்கிக் காய்ந்த சருகு, மரத்தில் மேட்டுப் பக்கம் மட்டும் உரிந்த பட்டை, வீட்டுச் சுவரில் சேற்றுக் கறை, பாறைக்குப் பின்னால் ஒதுங்கிய மணல். ஓட்டத்துக்கு எதிரே நிற்கும் பாறையின் முகத்தில் உள்ள சுவட்டை எடுக்காதீர்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதும் தண்ணீர் அரை மீட்டர்வரை எகிறும். பக்கவாட்டில், தண்ணீர் சும்மா நின்ற இடத்தில் உள்ள சுவடுதான் உண்மையான மட்டம்.

சுவடு அழிந்துபோயிருந்தால் மனிதர்கள்தான் சுவடு. எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்த ஒரு அம்மாவிடம், ‘தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்கம்மா?’ என்று கேட்டேன். கையைக் காட்டவில்லை. கூட்டிக்கொண்டு போய்த் துணி துவைக்கும் கல்லைக் காட்டினார். ‘இந்தக் கல்லு முழுசும் முங்கிருச்சு தம்பி. ஆனா தண்ணி வர்றதுக்கு முன்னால மரம் வந்துச்சு. பாலத்துல அடைச்சுக்கிச்சு. அப்புறந்தான் தண்ணி இந்தப் பக்கம் திரும்புச்சு.’ நான் கேட்டது மட்டம். அவர் சொன்னது, பாலம் அடைபட்டால் ஓடை எந்த வழியாகத் திரும்பும் என்பது. எந்த மென்பொருளும் அதைத் தானாகச் சொல்லியிருக்காது. எந்த வருஷம் என்று கேட்டால் தேதி வராது. ‘பெரிய பொண்ணு கைக்குழந்தை’ என்று வரும். பெரிய பெண்ணின் வயதைக் கேட்டால் வருஷம் கிடைத்துவிடும். இரண்டு மூன்று வீட்டில் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாக உட்கார வைத்தால் குரல் பெரிதாக இருப்பவர் சொல்வதுதான் மட்டம்.

நம் பள்ளத்தில் நேரான ஒரு துண்டு கிடைத்தது, வெள்ளத்தில் அகலம் 14 மீட்டர், ஆழம் 2 மீட்டர், அந்த இடத்தில் சரிவு 100-க்கு 3 என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டு 28 ச.மீ. அதைத் தண்ணீர் தொடும் விளிம்பின் நீளம் 18 மீட்டரால் வகுத்தால் 1.56, இது நீரியல் ஆரம். மேனிங் சூத்திரம்: வேகம் = ஆரத்தின் 2/3 அடுக்கு × சரிவின் வர்க்கமூலம் ÷ உராய்வு எண்.

உராய்வு எண்ணில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். கூழாங்கல் ஓடைக்குப் பாடப்புத்தகம் 0.045 என்ற அளவில் காட்டும். போட்டால் வேகம் விநாடிக்கு 5.2 மீட்டர், பாய்வு 145. ஒரு சோதனை போடுங்கள்: 9.81 × ஆழம், அதன் வர்க்கமூலம். நமக்கு 4.43. இதுதான் மாறுநிலை வேகம். மலை ஓடை இதைத் தாண்டி நெடுந்தூரம் ஓடுவது அபூர்வம். பாறையில் மோதி, குதித்து, சுழன்று தன் வேகத்தைத் தானே தின்றுவிடும். 5.2 வந்தால் உங்கள் உராய்வு எண் சின்னது என்று அர்த்தம். கொலராடோ மலை ஓடைகளை அளந்து ஜாரெட் 1984-இல் கொடுத்த சூத்திரம் இங்கே கை கொடுக்கும்: உராய்வு எண் = 0.32 × சரிவின் 0.38 அடுக்கு ÷ ஆரத்தின் 0.16 அடுக்கு. நமக்கு 0.079. வேகம் 2.96 மீட்டர், பாய்வு 83. மாறுநிலை வேகத்திலேயே ஓடியது என்று வைத்தால் 124. ஆக, அந்த அம்மாவைப் போன்றவர்கள் கண்ணால் பார்த்த வெள்ளம் 83-க்கும் 124-க்கும் நடுவில்.

இப்போது மோதவிடுங்கள். ஒரு ஆயுள் காலத்துக்குள் வந்த வெள்ளமே 83-க்குக் குறையவில்லை. ரைவ்ஸின் 53 அங்கேயே விழுந்தது. மழைக் கணக்கின் 258 நடக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் எல்லாம் ஒருசேரக் கூடிவந்தால்தான். நான் என்றால் 120-க்கு ஒரு கோடு, 250-க்கு ஒரு கோடு என்று இரண்டு போடுவேன். நடுவில் ஒரு எண்ணைப் பிடித்து ‘இதுதான் நூறாண்டு வெள்ளம்’ என்று எழுதமாட்டேன்.

வரைபடத்தில் இறக்குவது

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயர மாதிரிகளை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். நம் பள்ளத்தின் அகலம் 14 மீட்டர். ஒரே கட்டத்துக்குள் ஓடை, கரை, மாட்டுக் கொட்டகை எல்லாம் அடங்கிவிடும். அதோடு அவற்றில் பல சில்வர் ஓக் மரத்தின் உச்சியைத் தரை என்று எண்ணிக்கொள்ளும். நீர்ப்பிடிப்பு எல்லைக்கு அவை போதும், வெள்ளக் கோட்டுக்கு ஆகாது.

ஓடைக்குக் குறுக்கே, ஓட்டத்துக்குச் செங்குத்தாக, லெவல் எடுங்கள். சாதாரணமாக 30 மீட்டருக்கு ஒன்று. ஓடை குறுகும் இடம், விரியும் இடம், வளைவு, சிறுபாலத்துக்கு மேலும் கீழும் கட்டாயம் ஒன்று. நதிக்கரையோடு நிறுத்தாமல், தண்ணீர் எப்படியும் எட்டாது என்று தோன்றும் உயரம் வரை இரு பக்கமும் ஏற்றுங்கள்.

பிறகு ஒவ்வொரு வெட்டிலும் ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மேனிங் கணக்குப் போடுங்கள். பாய்வு 120 வரும் மட்டத்தைக் குறியுங்கள், பிறகு 250 வரும் மட்டம். எக்செல்லே போதும். வளைவும் பாலமும் நிறைய இருந்தால் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இலவசமாகத் தரும் ஹெக்-ராஸ் மென்பொருளுக்குப் போகலாம். அதில் மலை ஓடையை ஏற்றினால் மாறுநிலை வேகத்தைத் தாண்டும் வேகநிலையும் அதற்குக் கீழான மந்தநிலையும் மாறி மாறி வந்து மென்பொருள் அடிக்கடி திணறும். வெட்டுகளை நெருக்கமாக்குங்கள், முதலில் நேரத்துக்கு நேரம் மாறாத நிலையான பாய்வுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

சிறுபாலத்துக்கு இரண்டு முறை கணக்கு: திறந்திருந்தால், முழுக்க அடைத்துக்கொண்டால். மலையில் இரண்டாவதுதான் நடக்கும் என்று நினைத்துக்கொள்வது நல்லது. அடைத்தால் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறி எந்தத் தாழ்வு வழியே போகும் என்பதைத் தனி நிறத்தில் அம்புக்குறியாகப் போடுங்கள். மலை முடியும் இடத்து விசிறி மேட்டில் கோடே வேண்டாம். அங்கே ஒரே ராத்திரியில் ஓடை தன் படுக்கையைக் கல்லால் நிரப்பிக்கொண்டு இடம் மாறும். விசிறி முழுவதையும் நிழல் தீட்டிவிடுங்கள்.

கோடு போட்டு முடித்ததும் வருவாய்த் துறையின் புல வரைபடத்தை மேலே வைத்துப் பாருங்கள். ‘ஓடை புறம்போக்கு’ என்று அதில் இருக்கும் கோட்டைத்தான் ஊரில் எல்லோரும் ஓடையின் எல்லை என்று நம்புகிறார்கள். அது அளந்த காலத்தில் யார் நிலம் எது என்று பிரிக்கப் போட்ட கோடு. உங்கள் 120 கோடே பல இடங்களில் அதைத் தாண்டிப் பட்டா நிலத்துக்குள் போகும். சண்டை அங்கேதான் தொடங்கும். ‘என் இடத்தை எப்படி வெள்ளப் பகுதின்னு போடலாம்?’ என்று ஒருவர் வருவார். கம்ப்யூட்டர் படத்தைக் காட்டினால் அடங்கமாட்டார். அவர் வீட்டுப் பெரியவர் காட்டிய சுவட்டில் நீங்கள் அடித்த பெயின்ட் குறியைக் காட்டுங்கள்.

வரைபடத்தின் ஓரத்தில் மூன்று எண்களையும், எந்த மழைப் பதிவு, எத்தனை வருஷம், எந்தக் கெழு என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த வெள்ளம் வந்தால் இரண்டு நாளுக்குள் போய்விடுங்கள். மூன்றாவது நாள் வீட்டைக் கழுவிவிடுவார்கள், சுவட்டையும் சேர்த்து. சுவட்டின் மேல் ஒரு ஆணி, பக்கத்தில் தேதி, தண்ணீர் உச்சத்துக்கு வந்த நேரம், சொன்னது யார். லெவல் எடுப்பதை நிதானமாக அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.